ஓடத்துறையைக் காட்டிய வெளிச்சப் பலகை

பாலத்தடி வெளிச்சப் பலகைகளை இறக்கித் துடைத்து, புதுப் பல்ப்புகள் மாட்டி, ஆடி அமாவாசைக்கு ஆயத்தமாக நிறுத்திவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். தகரப் பெட்டிக்குப் பச்சைப் பெயின்ரும் அடித்தீர்களாம். அதுவும் சந்தோஷம். இனி நான் சொல்வதைக் கேளுங்கள்.

எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. சாய்மனைக் கதிரையில் கிடந்துகொண்டு "அந்தக் காலத்தில் நாங்கள்" என்று தொடங்கும் வயதும் இல்லை, அந்தப் பொறுமையும் இல்லை. ஆனால் அந்தப் பலகையைச் செய்தவன் நான். அதன் கிட்டவே போகக்கூடாது என்று மட்டக்களப்பை விட்டே மாற்றப்பட்டவனும் நான். இரண்டும் ஒரே ஆளுக்கு நடந்திருப்பதால், பாலத்தைப் பார்க்கும் அந்த அரசாங்கக் கந்தோரில் இப்போதுதான் வேலைக்குக் கால் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல எனக்குச் சில விஷயங்கள் இருக்கின்றன. வயர் எங்கே போகிறது, எந்தச் சுவிச்சு எதற்கு என்பதை நீங்களே ஒரு காலையில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதற்கு நான் வேண்டாம்.

கல்லடிப் பாலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இரும்புப் பாலம். ஒரு வண்டி போனால் எதிரே வருவது அக்கரையில் காத்து நிற்க வேண்டும். மற்ற நாட்களில் இது பெரிய காரியம் இல்லை. ஆடி அமாவாசையன்று, தெற்கே இருக்கும் ஊர்கள் எல்லாம் மாட்டுக் கரத்தை கட்டி, பஸ் பிடித்து, சைக்கிளில், கால்நடையில் என்று இந்த ஒரு பாலத்தின் வாசலுக்கு வந்து சேரும். பாலத்தைக் கடந்தால்தான் ஊர், ஊரைக் கடந்தால்தான் அமிர்தகழி. அங்கே மாமாங்கத்துக் கோயிலின் தீர்த்தக்குளத்தில் தலை நனைத்து, இறந்துபோன தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் திரும்புவார்கள். நேரம் தவறினால் அடுத்த ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த அவசரத்தோடு வருகிற சனத்தை நீங்கள் மறித்து நிறுத்தப் போகிறீர்கள். அதை ஒரு நிமிஷமும் மறக்காதீர்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் அங்கே பெயின்ரால் எழுதிய பலகைகள்தான் இருந்தன. ஒரு பக்கம் "போகலாம்", மறுபக்கம் "நிற்கவும்". கரைக்கு ஒருவன் அதைப் பிடித்துத் திருப்ப வேண்டும். அக்கரையில் பிடித்தவன் பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனான். சாய்த்த பக்கம் "போகலாம்". இக்கரையிலும் "போகலாம்". நடுப்பாலத்தில் இரண்டு மாட்டுக் கரத்தைகள் முகத்தோடு முகம் முட்டி நின்றன.

"பின்னால எடு."

"மாடு பின்னால நடக்குமா? உன்ட மாடு நடந்தா நடத்திக் காட்டு."

"நான் வரக்குள்ள போகலாமெண்டு கிடந்திச்சு."

"எனக்கு மட்டும் போகாதே எண்டா கிடந்திச்சு?"

கடைசியில் மாடுகளை அவிழ்த்து, ஒரு கரத்தையை ஆட்கள் கையால் பின்னுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அதற்குள் பாதிக் காலை போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அன்று இரவு நித்திரையும் வரவில்லை. இரண்டு கரையும் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாக உத்தரவு போட்டால் இப்படித்தான் நடக்கும் என்று புரிந்தது. பேச வைக்க என்னால் முடியும் என்றும் தோன்றியது.

அதுதான் வெளிச்சப் பலகை. கிணறு மாதிரி ஆழமான தகரப் பெட்டி, உள்ளே கறுப்பு, மேலே வெயிலை மறைக்கத் தகரக் கூரை. தகரத்தில் வெட்டிய எழுத்து, எழுத்துக்குப் பின்னால் நிறக் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் பல்ப். "பகலில் விளக்கு எரித்து யாருக்குக் காட்டப் போகிறாய்?" என்று கந்தோரில் கேலி பண்ணினார்கள். காலை வெயிலில் ரோட்டின் வளைவிலிருந்தே எழுத்துத் தெரிந்தது. மூன்று கண்ணாடி: "போகலாம்", "நிற்கவும்", "ஓடத்துறைக்குப் போகவும்". பாலம் நிறைந்துவிட்டால் நடந்து வருபவர்களைக் கல்லடிப் பக்கத்து ஓடத்துறைக்கு அனுப்பினால், ஓடங்கள் அவர்களைப் பாலத்தின் கீழே கிடக்கும் வாவி வழியே அமிர்தகழிக்குக் கொண்டுபோய் இறக்கும். அதற்காகத்தான் மூன்றாவது. இரண்டு கரைக்கும் கந்தோருக்கும் டெலிபோன் வயர் இழுத்தோம். யார் எதை எரிப்பது என்பது பேசித் தீர்மானமாகும்.

முதல் வருஷம் அது வேலை செய்தது. எப்படி வேலை செய்தது என்று பெருமையடிக்க எனக்கு ஆசைதான், விடுங்கள். ஒரு பேச்சை மட்டும் சொல்கிறேன். பாலத்தடியில் பொலிஸ்காரர் யோகராசா, கை காட்டிக் காட்டிக் களைத்துப்போய் நிற்கிறார். தலையில் பூக்கூடையோடு வந்த ஒரு பெண் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியை அண்ணாந்து பார்த்துவிட்டு நின்றாள்.

"என்ன புள்ள, நான் நிக்கச் சொல்லக்குள்ள நிக்கயில்ல, லைட்டைக் கண்டதும் நிக்கிறாய்?" என்றார் யோகராசா.

"நீங்க நிக்கச் சொன்னா உங்களுக்கு ஆரோ சொல்லிவிட்டிருப்பாங்க. இது தானாச் சொல்லுது."

அன்று அதைக் கேட்டு எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். இன்று அதை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். பலகை ஒன்றும் தானாகச் சொல்வதில்லை. அதன் பின்னால் ஒரு கை இருக்கிறது, கைக்குப் பின்னால் ஒரு வயர், வயரின் அந்த முனையில் மின்விசிறிக்குக் கீழே ஒரு மனிதன். சனத்துக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும்தான். அதனால்தான் அந்த மனிதனுக்கு இந்தப் பலகை அவ்வளவு பிடித்துப்போனது.

அந்த மனிதன் எங்கள் எஞ்சினியர். நீங்கள் இப்போதும் அவருக்குக் கீழேதான் வேலை செய்கிறீர்கள். இதை வாசித்துவிட்டு அவரிடமே காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் வருஷம் அமாவாசையன்றே கல்லடியில் ஒரு புதுக் கட்டடத்தைத் திறக்கக் கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வருவதாக ஏற்பாடு. ஆண்டில் எத்தனையோ நாள் இருக்க இந்த நாளைத்தான் அவருக்குக் குறித்துக் கொடுத்தார்கள். அவரை வரவேற்க வாவியில் ஓடங்களை வரிசையாக நிறுத்திக் கொடி கட்ட வேண்டும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. விடியும்போதே துறையில் கிடந்த ஓடங்களை எல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் அணிவகுத்து நிறுத்திவிட்டார்கள். மரியதாஸ் என்று ஒரு ஓடக்காரர், கல்லடியில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. அவருடைய ஓடத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். காரணத்தை அவரே பிறகு எனக்குச் சொன்னார்.

"என்ட ஓடம் கறுத்துக் கிடக்காம். வடிவில்லையாம். கொழும்பு ஐயாட கண்ணுக்கு ஆகாதாம்."

இந்த ஓட விஷயம் எதுவும் அன்று காலையில் எனக்குத் தெரியாது. கல்லடிக் கரையில், பலகைக்குக் கீழே தகரக் கொட்டிலில், சுவிச்சுக்கும் டெலிபோனுக்கும் நடுவில் நான் இருந்தேன். யோகராசா வாசலில். விடிந்ததிலிருந்து எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சனம் வந்தது, நின்றது, போனது. பஸ்காரர் ஒருவர் "தம்பி, இந்தப் பெட்டிக்கு ஒரு மாலை போடுங்க" என்று கத்திவிட்டுப் போனார்.

டெலிபோன் அடித்தது. பாலத்தைக் காலி பண்ணு, கார்கள் வரப்போகின்றன என்றார் எஞ்சினியர். "நிற்கவும்" போட்டேன். சனம் நின்றது. முணுமுணுத்தது, ஆனால் நின்றது. கார்கள் வரவில்லை. வெயில் ஏறியது. பின்னால் வந்த பஸ்களிலிருந்தும் ஆட்கள் இறங்கி நடந்து வந்து முன்னால் நின்றவர்களோடு சேர்ந்தார்கள். ரோடு நிறைந்து, வேலியோரம் நிறைந்து, பாலத்தின் வாய் தெரியாமல் போனது.

மறுபடியும் டெலிபோன். நான் வெளியே ஒரு கரத்தையை ஒதுக்கிக்கொண்டு நின்றதால் யோகராசா எடுத்தார். கேட்டார், தலையாட்டினார், ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, மூண்டாவதைப் போடட்டாம். பாலத்தால இறங்கினதும் கொழும்பு ஐயாட கண்ணில இந்தச் சனம் படக்கூடாதாம்."

இந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யோகராசாவின் வாயால் நான் கேட்டவை.

ரிசீவரை வாங்கினேன். "ஐயா, துறையில ஓடம் இருக்கா?"

"எல்லாம் ஏற்பாடு செய்தாச்சு."

கொட்டிலின் இடுக்கால் பார்த்தேன். பாலத்துக்கு அப்பால் வாவியில் ஓடங்கள், வரிசை வரிசையாக, கொடி ஆட, ஒருவரும் ஏறாமல்.

"ஐயா, ஓடம் எல்லாம் அங்க கொடி கட்டி நிக்குது."

"அது வேற ஓடம்."

"வாவியில வேற ஓடம் எது ஐயா?"

"நீ எனக்குக் கேள்வி கேக்கவா அங்க இருக்கிறாய்? துறைக்குக் கொண்டு வரச் சொல்லியாச்சு. நீ போடு. போடாட்டி உன்ர இடத்தில இருந்து போடுறதுக்கு ஆள் இருக்கு."

போட்டேன். கொண்டுவரச் சொல்லியாச்சு என்று ஒரு எஞ்சினியர் சொன்னால் அது நடந்திருக்கும் என்று நம்பினேன். நம்பாமல் இருக்கவும் எனக்கு அந்த நேரத்தில் வழி தெரியவில்லை. "ஓடத்துறைக்குப் போகவும்" என்று மஞ்சள் எழுத்து எரிந்ததும், வாய்க்காலின் தடுப்பைத் திறந்துவிட்டது போலச் சனம் கரைவழியே திரும்பியது. ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. லைட்டுச் சொல்லிவிட்டதே.

துறை என் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் தென்னந்தோப்பு. கொஞ்ச நேரத்தில் ஒருவன் சைக்கிளில் எதிர்த்திசையில் மூச்சு வாங்க வந்தான்.

"என்ன கதை இது? அங்க ஒரு ஓடந்தான் இரிக்கு. இவ்வளவு சனத்தையும் அனுப்பி என்ன செய்யப் போறீங்க?"

கந்தோருக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிரமுகருக்குப் போடும் பூமாலையோடு எல்லோரும் அக்கரைப் பாலத்தடிக்குப் போய்விட்டார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதனால் நானே சுவிச்சை மாற்றினேன். மஞ்சளை அணைத்து "நிற்கவும்" போட்டேன்.

இங்கேதான் உங்களுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் இருக்கிறது, எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. வெளிச்சத்தை மாற்றினால் சனம் மாறும் என்று நான் நினைத்தேன். ரோட்டில் வந்துகொண்டிருந்தவர்கள் பெட்டியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"முன்னால போனவங்களுக்கு ஓடம் கிடைச்சிட்டு. எங்களை நிப்பாட்டுறானுகள்."

"ஓடுங்க, கெதியா ஓடுங்க."

ஓடினார்கள். நடந்து போய்க்கொண்டிருந்தவர்களும் ஓடத் தொடங்கினார்கள். ஒரு தடவை பொய் சொன்ன பலகை பிறகு உண்மை சொன்னாலும், சனம் அதற்குள் இன்னொரு பொய்யைத்தான் தேடும். அந்த நேரத்தில் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதில் பிரயோசனம் இல்லை. நான் கொட்டிலை யோகராசாவிடம் விட்டுவிட்டுத் தோப்பால் குறுக்கே விழுந்து ஓடினேன். நேரே போய்க் கத்தினால்தான் உண்டு.

நான் போகும்போது மரியதாஸ் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையால் ஓடத்தின் விளிம்பைப் பிடித்து, மறு கையில் ஓடம் தள்ளும் கம்பைக் குறுக்கே நீட்டி, சனத்தை மறித்துக்கொண்டிருந்தார். ஓடத்துக்குள் ஏற்கெனவே நிற்க இடமில்லை. துறையின் மரமேடையில் இன்னும் ஒரு கூட்டம் தள்ளிக்கொண்டு நின்றது.

"இறங்குங்க. பாதிப் பேர் இறங்கினாத்தான் நான் கம்பைப் போடுவன்."

"என்ட அப்பனுக்கு இதுதான் முதல் அமாவாசை. என்னை இறங்கச் சொல்றயா?" என்றார் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர்.

"அப்பனுக்குக் குடுக்கப் போறயா, அப்பனிட்டயே போகப் போறயா? இறங்கு அண்ணன்."

சிலர் சிரித்துக்கூட விட்டார்கள். அந்தச் சிரிப்பில் இரண்டு பேர் இறங்கவும் செய்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் கிடைத்திருந்தால் அந்த மனிதர் பகிடி சொல்லியே ஓடத்தைக் காலியாக்கியிருப்பார். பின்னால் ஓடி வந்த சனம் மேடைக்கு வந்து சேர்ந்தது. நான் "பாலம் திறந்திட்டு, திரும்புங்க" என்று பொய்யாகக் கத்தினேன். யார் கேட்டார்கள்? மரமேடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதில் நின்றவர்கள் அப்படியே ஓடத்தின் மேல் சரிந்தார்கள். ஓடம் கவிழ்ந்து, பக்கப் பலகை பிளந்தது.

தண்ணீர் நெஞ்சளவுதான். அதனால் ஒரு உயிரும் போகவில்லை. அதைச் சொல்லிச் சமாதானம் ஆகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. தண்ணீர் நெஞ்சளவு இருந்தது வாவியின் புண்ணியம், கந்தோரின் புண்ணியம் அல்ல. மரியதாஸ் ஒவ்வொருவராகத் தூக்கிக் கரையில் விட்டார். நானும் இறங்கினேன். ஆரையம்பதியிலிருந்து வந்த தங்கம்மா என்ற பெண்ணின் கை மேடைக்கும் ஓடத்துக்கும் நடுவில் அகப்பட்டு முறிந்திருந்தது. அவள் அழவில்லை. "ஆர் இந்த ஓடத்துக்கு எங்களை அனுப்பினது?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பொலிஸ் வந்தது. நனைந்து, இரத்தக் கீறலோடு, உடைந்த ஓடத்துக்குப் பக்கத்தில் நின்றது மரியதாஸ். பேராசையில் அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றிய ஓடக்காரன் என்று அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏற்ற மாட்டேன் என்று கம்பை நீட்டி மறித்துக்கொண்டிருந்த மனிதரை. நான் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். "நீ கந்தோர் ஆள், உன்ட வேலையைப் பார்" என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் கார்கள் பாலத்தைக் கடந்தன. கண்ணாடிகள் மூடியிருந்தன.

அடுத்த நாள் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை, அன்பாகப் பேசினார்.

"விசாரணை நடக்கும். மூண்டாவது கண்ணாடி நேற்று எரியவே இல்லை. சனம் தானாப் போச்சு, ஓடக்காரன் கூப்பிட்டு ஏத்தினான். விளங்குதா?"

"எரிஞ்சது ஐயா. நான்தான் எரிச்சன். நீங்க சொல்லி."

"பெயின்ராலே எழுதின பலகை எண்டா நாளைக்கும் நிக்கும். உன்ர பலகை அணைஞ்சாப் போச்சு. நேற்று அதில என்ன எழுதியிருந்தது எண்டு இண்டைக்கு ஆர் காட்டுவான்? நல்லாத்தான் செய்திருக்கிறாய் நீ."

என் வேலையை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு பாராட்டியவர் அவர் ஒருவர்தான். இரண்டு கரையும் பேசிக்கொள்ள வேண்டும் என்று நான் செய்த பெட்டி, பேசியதை இல்லை என்று சொல்ல அவருக்கு உதவியது.

அந்த அறையிலிருந்து நேரே யோகராசாவின் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணன், நீங்கதானே டெலிபோனை எடுத்தீங்க. நீங்கதானே என்னிட்டச் சொன்னீங்க. மரியதாஸ் உள்ளுக்கு இரிக்கார்."

அவர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எனக்கு நாலு புள்ளையள் தம்பி."

"மரியதாசுக்கும் புள்ளையள் இரிக்கு."

"அவருக்கு ஓடம் இரிக்கு. எனக்கு இந்தக் காக்கிதான் இரிக்கு."

"ஓடம் பிளந்து கிடக்கு அண்ணன்."

அவருடைய மனைவி உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டு வந்தார். குடிக்காமல் எழும்பி வந்தேன். அந்த மனிதரில் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் எஞ்சினியரில் இருக்கிற கோபமும் இதுவும் ஒன்றல்ல என்று இப்போது பிரித்துப் பார்க்கத் தெரிகிறது.

விசாரணை கந்தோரின் பெரிய அறையில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வெளியிலிருந்து வந்த ஒரு விசாரணை அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் எங்கள் எஞ்சினியர். மரியதாசைப் பொலிஸ் கொண்டுவந்து வாசலோரம் நிறுத்தியிருந்தது. தங்கம்மா கையைத் துணியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

"உங்களைத் துறைக்குப் போகச் சொன்னது யார்?" என்று கேட்டார் அதிகாரி.

"லைட்டு."

"லைட் எப்படிச் சொல்லும்?"

"எழுதியிருந்திச்சு ஐயா. ஓடத்துறைக்குப் போகவும் எண்டு மஞ்சளா எரிஞ்சது."

எஞ்சினியர் சிரித்தார். "இதுகளுக்கு எங்க வாசிக்கத் தெரியும்? முன்னால போனவனுக்குப் பின்னால போயிருக்கும்."

தங்கம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "வாசிக்கத் தெரிஞ்சதாலதான் ஐயா கை முறிஞ்சது. தெரியாட்டி பாலத்தடியிலயே நிண்டிருப்பன்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அதிகாரி அதை எழுதவும் இல்லை. வெயில் பட்டால் கண்ணாடியில் நிறம் மாறித் தெரியும், நிற்கவும் என்பதை அவள் பிழையாக வாசித்திருக்கலாம் என்றார் எஞ்சினியர். அதிகாரி தலையாட்டினார். அப்படிப் பிழைக்கும் பெட்டியை நான் செய்யவில்லை. வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அந்த வார்த்தைக்காகவே நான் எழும்பினேன்.

"எரிந்தது. நான்தான் எரித்தேன். எஞ்சினியர் ஐயா டெலிபோனில் சொல்லி."

"சாட்சி?"

எல்லோரும் யோகராசாவைப் பார்த்தார்கள். "நான் ரோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டன்" என்றார் அவர்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "கட்டளைக்குச் சாட்சி இல்லை. அப்படியென்றால் ஒன்று, பலகை எரியவில்லை, பிழை ஓடக்காரனுடையது. அல்லது நீர் கட்டளை இல்லாமல் உம்முடைய எண்ணத்துக்கு எரித்தீர், பிழை உம்முடையது. எதை எழுதுவது?"

தம்பிமாரே, இப்படித்தான் கேட்பார்கள். உண்மையைத் தவிர இரண்டு பாதைகளைத் திறந்து வைத்துவிட்டு, எதில் போகிறாய் என்று கேட்பார்கள். வாசலில் மரியதாஸ் நின்றார். எஞ்சினியர் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்கள்," என்றேன். "சனத்தைத் துறைக்கு அனுப்பியது பலகை. பலகையை எரித்தது நான். ஓடக்காரர் அல்ல."

"கட்டளை இல்லாமல்?"

"கட்டளை யாருடையது என்று பக்கத்தில் இருக்கிறவருக்குத் தெரியும். எழுத விருப்பமில்லை என்றால் அதை விடுங்கள். ஓடக்காரர் அல்ல என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள்."

எழுதினார்கள். மரியதாசை அன்றைக்கே விட்டார்கள். எனக்கு மாற்றம் வந்தது. எஞ்சினியருக்கு ஒன்றும் வரவில்லை.

நான் ஊரை விட்டுப் போவதற்கு முன் மரியதாசைப் பார்க்கப் போனேன். உள்மனதில் ஒரு நன்றிச் சொல்லை எதிர்பார்த்தேன் என்பது உண்மை. அவர் பிளந்த ஓடத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, பிளவைத் தடவிக்கொண்டு இருந்தார்.

"சொன்னயாம்," என்றார்.

"சொன்னன் அண்ணன்."

"மறுகா? அதுக்குப் பிறகு?"

"மறுகா என்ன அண்ணன்?"

"உன்ட பேரை எழுதிக் குடுத்துப்போட்டு நீ போறாய். என்னை விட்டிட்டாங்க. சரி. அந்த எஞ்சினியர் வீட்ட போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பான். அடுத்த அமாவாசைக்கும் அவன்தானே டெலிபோன் எடுப்பான்?"

"சாட்சி இல்ல அண்ணன். நான் என்ன செய்ய?"

"பாலத்தடியில எவ்வளவு சனம் நிண்டிச்சு. உனக்கு அவன் சொல்லக்குள்ள வெளியால வந்து, இந்தா எஞ்சினியர் இப்படிச் சொல்றார் எண்டு ஒரு சத்தம் போட்டிருந்தாய் எண்டா ஊரே சாட்சி. நீ பெட்டிக்குள்ள இருந்து ரகசியமாச் சுவிச்சைப் போட்டாய். உன்ட பெட்டி பேசினா உனக்குப் போதும்."

நான் கோபித்துக்கொண்டேன். உங்களுக்காகத்தானே வேலையைக் கெடுத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன். அவர் ஓடத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "வேலை உனக்கு இன்னொரு ஊரில கிடைச்சிட்டு தம்பி. இதுக்கு இன்னொரு ஊர் இல்ல," என்றார். அந்தப் பிளவு மூடவில்லை. இப்போது மற்றவர்களின் ஓடத்தில் கூலிக்குக் கம்பு போடுகிறாராம்.

இங்கே, மலைப்பக்கத்தில் மூன்று பெயின்ர்ப் பலகைகளுக்குப் பொறுப்பாக இருந்துகொண்டு, அவர் சொன்னதை எத்தனையோ முறை மனதுக்குள் வாதாடிப் பார்த்துவிட்டேன். தோற்றுப்போகிறேன். அவர் சொன்னதுதான் சரி.

அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். கொட்டிலின் கதவை எடுத்துவிடுங்கள். டெலிபோனில் என்ன சொன்னாலும் அதை வெளியே கேட்கும்படி திருப்பிச் சொல்லுங்கள், சொன்னவர் யார் என்பதோடு. அவர் கோபிப்பார். கோபிக்கட்டும். சனத்துக்கு வெளிச்சத்தோடு அதற்குப் பின்னால் இருக்கும் வாயும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. இந்த வருஷமும் யாராவது ஒரு பெரியவர் வருவார், அல்லது வருவதாகச் சொல்வார்கள். மூன்றாவதைப் போடு என்று டெலிபோன் வரும். எல்லாம் ஏற்பாடு செய்தாச்சு என்று குரல் சொல்லும். சுவிச்சில் கை வைக்காதீர்கள். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுத் தோப்பால் இறங்கித் துறைக்கு நடந்து போங்கள். அங்கே மரியதாஸ் அண்ணன் நிற்பார். ஓடம் இருக்கிறதா என்று அவரிடம் கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், அங்கேயே அவரோடு நில்லுங்கள். ரிசீவருக்குள் அந்தாள் கத்திக்கொண்டே இருக்கட்டும்.